ஒரே இடத்தில் தழும்பு

செங்கோடன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. எந்தக் கல்யாணத்தில் யார் தன்னைப் பார்த்தும் பாராததுபோல் போனார், எந்த வீட்டுப் பந்தியில் தனக்கு இலை பிந்திப் போட்டார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பழைய காசு பார்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்தபோது கரூரில் சிலர் சிரித்தார்கள்.

குரு வையாபுரி சிரிக்கவில்லை. "குறை காணுகிற கண்ணுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி" என்று சேர்த்துக்கொண்டார்.

குரு வயதில் சின்னவர். அதனால் சீடனை அண்ணா என்பார். சீடன் அவரைச் சாமி என்பார்.

அமராவதி ஆற்று மணலில் ரோமாபுரிக் காசு எப்போதாவது கிடைக்கும். மிளகு வாங்க வந்தவர்கள் கொண்டுவந்த வெள்ளி. ஒரு பக்கம் அரசன் தலை, அதைச் சுற்றி எழுத்து. மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண், கையில் ஒரு கிளை. கிடைத்தது அசலா, போலியா, என்ன விலை பெறும் என்று கேட்க வையாபுரியிடம்தான் வருவார்கள்.

அன்று காலை முதலில் வந்தவள் காசு கொண்டுவரவில்லை. அக்கரையிலிருந்து பாவாயி. செங்கோடனின் தம்பி காளியண்ணனுக்குக் கொழுந்தியாள். வாசற்படியில் நின்றே சொன்னாள்.

"மாமா, உங்க தம்பி படுத்துட்டாருங்க. ஒரு பக்கம் கை கால் வரலை. பேச்சும் குழறுது. இன்னிக்கு இருக்கற பேச்சு நாளைக்கு இருக்குமான்னு வைத்தியருக்கே தெரியலீங்க. அண்ணன் அண்ணன்னு உங்களைத்தான் கேக்கறாரு."

செங்கோடன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எதுக்காம்?"

"என்னமோ சொல்லணுமாம். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவாராம்."

"சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லலையே."

"படுக்கையில கிடக்கறவர்கிட்டயா மாமா வழக்கு?"

"நான் எங்க வழக்குப் போட்டேன்? நீ கிளம்பு, வெய்யில் ஏறுது."

பாவாயி வையாபுரியைப் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருங்க."

"காசைப் பத்திக் கேட்டா சொல்லுவேனுங்க" என்றார் வையாபுரி.

அவள் போனாள். அக்கரைக்கு இப்போது பாலம் இருக்கிறது. அது கட்டி முடிந்த நாளிலிருந்து செங்கோடன் அதில் கால் வைத்ததில்லை.

தட்டு பளபளத்தது. அதற்கு மேல் துடைக்க ஒன்றுமில்லை.

"சாமி, நான் போகணுமா?"

வையாபுரி வாய் திறக்குமுன் பாத்திரக்கடை அங்கமுத்து செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். பஞ்சைப் பிரித்து இரண்டு வெள்ளிக் காசுகளை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டும் ஒரே குழியில கிடைச்சதுங்க. மணல் சலிக்கறவர் ஒருத்தர் கொண்டாந்தாரு. பாத்ததும் வாங்கிப்போட்டேன்."

வையாபுரி காசுகளைத் தொடவில்லை. சீடன் பக்கம் தள்ளினார். "அண்ணா, நீங்க பாருங்க."

செங்கோடன் அவற்றை எடுத்துக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போனார். தராசில் வைத்தார். எடை கொஞ்சம் குறைவு. தேய்ந்த காசும் குறையும். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே கருப்பு படிந்திருந்தது. கருப்பு நம்மூர் அடுப்பிலேயே ஏற்றிவிடலாம். பூதக்கண்ணாடியை எடுத்துக் காசிலிருந்த முகத்தைப் பார்த்தார். அரசனின் காதுக்குக் கீழே, கழுத்தில், நெல் முனை அளவுக்கு ஒரு தழும்பு. பழைய அடி. அதைக் கண்டதும் அவருக்குக் காசின்மேல் ஒரு பரிவு வந்தது. அடிபட்ட எதன்மேலும் அவருக்கு அது வரும்.

அடுத்த காசை எடுத்தார். காதுக்குக் கீழே, கழுத்தில், நெல் முனை அளவு. அதே சாய்வு.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டும் வார்ப்பு, சாமி."

"எதை வைச்சுச் சொல்றீங்க?" என்றார் அங்கமுத்து.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு காசையும் அச்சுல வைச்சு அடிச்சாங்க. ஒரே அச்சுன்னாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு விழாது. ஒண்ணு தள்ளி விழும், ஒண்ணு ஓரம் வெடிக்கும். அப்புறம் ஊர் ஊராப் போய், கை மாறி, கீழ விழுந்து வாங்கின தழும்பு அந்தக் காசுக்கு மட்டும்தான் சொந்தம். ரெண்டுக்கும் ஒரே இடத்துல ஒரே தழும்புன்னா, அடிபட்டது இது ரெண்டும் இல்லை. அடிபட்ட வேற ஒரு காசைக் களிமண்ணுல அழுத்தி, அந்தக் குழியில வெள்ளியை ஊத்தியிருக்காங்க."

"ரெண்டு காசும் ஒரே மாதிரி விழுந்திருக்கக் கூடாதுங்களா?"

"ரெண்டு பேர் விழலாம். ரெண்டு பேருக்கும் ஒரே முழங்கால் ஒரே அளவு சிராய்க்குமா? சரி, எழுத்தைப் பாருங்க. முகம் வந்திருக்கு, எழுத்து மழுங்கிக் கிடக்கு. வார்ப்புல அவ்வளவுதான் வரும். ரெண்டும் ஒரு தாய் பெத்த பிள்ளைங்க."

அங்கமுத்து குருவைப் பார்த்தார். குரு தலையசைத்தார்.

"அப்ப விலை?"

"வெறும் வெள்ளி விலை" என்றார் செங்கோடன்.

"அந்த ஆளு மணல் சலிக்கறேன்னாருங்களே."

"உங்களைச் சலிச்சிருக்காரு" என்றார் வையாபுரி.

அங்கமுத்து எழுந்தார். "ஆளைப் பிடிச்சுட்டு வரேன். அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்." செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

செங்கோடன் காசுகளைப் பஞ்சில் வைத்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை, சாமி."

"உங்க தம்பி என்ன செஞ்சாரு?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"இன்னொரு தரம் சொல்லுங்கண்ணா."

செங்கோடன் துண்டை எடுத்து உதறி மடியில் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பன் செத்த அன்னிக்கு ஆத்துல வெள்ளம். பரிசல் விடலை. இக்கரையில நான். அக்கரையில புகை. மூத்தவன் உயிரோட நிக்கறான், இளையவன் கொள்ளி வைச்சுட்டான். அப்பன் முகத்தை எனக்கு மிச்சம் வைக்கலை, சாமி."

மிச்சம் என்னும்போது குரல் உடைந்தது.



"நீங்க வந்த புதுசுல இதைச் சொன்னீங்க" என்றார் வையாபுரி.

"சொன்னேன்."

"போன பொங்கலுக்கும் சொன்னீங்க."

"அதுக்கென்ன?"

"அப்பவும் துண்டை உதறி மடியில போட்டீங்க. அப்பவும் இக்கரையில நான், அக்கரையில புகை. மிச்சம்ங்கற இடத்துலதான் குரல் உடைஞ்சுது."

பஞ்சிலிருந்து இரண்டு காசுகளையும் எடுத்து, முகம் மேலே தெரிய, சீடன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

செங்கோடனுக்கு முகம் கறுத்தது. எழுந்துவிட்டார்.

"அப்ப என் வலி போலிங்கறீங்களா?"

"உட்காருங்கண்ணா. தாய்க்காசு இல்லாம வார்ப்பு ஏது? அது அடிபட்டது நிஜம்."

செங்கோடன் நின்றபடியே இருந்தார்.

"அன்னிக்கு மழைங்களா?" என்றார் வையாபுரி.

"மழை மேக்கே, மலையில. அதான் வெள்ளம்..." நிறுத்தினார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "இங்கயும் பெஞ்சுது. துண்டைப் பிழிஞ்சு பிழிஞ்சு தலையில போட்டுக்கிட்டேன்."

"அக்கரையில?"

"அங்கயும்தான். சிதைக்கு மேல தென்னங்கீத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க."

"எவ்வளவு நேரம்?"

செங்கோடன் மெல்ல உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"உச்சிப்பொழுதுல இருந்து. கை மாத்தி மாத்திப் பிடிச்சாங்க. பொழுது சாயப்போற நேரத்துலதான் புகை வந்துச்சு."

"இதை நீங்க சொன்னதில்லை."

"இப்ப வரைக்கும் எனக்கே ஞாபகம் இல்லை, சாமி."

"தம்பி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"கொள்ளி வைக்கறதுக்கு முந்தி தண்ணி ஓரம் வந்தான். வாய்க்குக் கையைக் குவிச்சு என்னமோ கூவினான். ஆத்து இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலை."

"அப்புறம் கேட்டீங்களா?"

"இல்லை."

மேசைமேல் இரண்டு அரசர்களும் ஒரே பக்கம் பார்த்தபடி கிடந்தார்கள். செங்கோடன் ஒன்றை எடுத்தார். கண்ணாடி இல்லாமல், விரலால், ஓரத்தைத் தடவினார். எழுத்து இருக்கவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"என்ன கூவியிருப்பான், சாமி?"

வையாபுரி அந்தக் காசை அவர் விரல்களிலிருந்து மெல்ல வாங்கிப் பஞ்சில் வைத்தார்.

"இதுல எப்படிங்கண்ணா படிக்கறது? தாய்க்காசு அக்கரையில இருக்கு. இன்னிக்கு வரைக்கும் எழுத்து தெரியுதாம்."