பதினோராம் நிமிஷத்துப் பறவை

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யார் தாடி வைத்திருந்தது என்று நீங்கள் குழம்புவீர்கள். தாடி சீடருக்கு.

குருவின் பெயர் தாமரைச்செல்வி. ஆஸ்பத்திரிகளில் இதயத் துடிப்பு காட்டும் மெஷின்களை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். அம்பத்தூரில் ஒரு மாடி அறை. அங்கே மேஜை மேல் சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. பெட்டி முழுக்கக் குமிழ்கள், துளைகள், சின்னச் சின்ன விளக்குகள். ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் செருகினால்தான் சத்தம் வரும். ஒயரை மாற்றினால் சத்தம் மாறும். வாசிக்கக் கட்டைகள் கிடையாது. மாடுலர் சிந்தசைசர் என்று பெயர். மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா மீட்டர்?" என்று கேட்டிருக்கிறார்.

சீடர் எபனேசர். முப்பத்தோரு வருஷம் சினிமா ரெக்கார்டிங்குகளில் கீபோர்டு வாசித்தவர். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

முதல் நாளே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"ஒரு கம்பெனி கூப்பிட்டுச்சு டீச்சர். மூணு நாள் வாசிக்கச் சொன்னாங்க. பாட்டு இல்ல. ஒவ்வொரு சுரமா. மெதுவா, நடுத்தரமா, அழுத்தி. மதியம் பிரியாணி. எனக்கு ஒரே பெருமை. வேற யாரையும் கூப்பிடாம என்னையக் கூப்பிட்டிருக்காங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. எட்டு மாசம் போன் வரல. ஒருநாள் டிவியில ஒரு சீரியல் பாட்டு. கேட்டா என் கை. நான் வாசிக்கவே இல்ல, ஆனா என் கைதான். ரெக்கார்டிங் எஞ்சினியர் சேகரன், தங்கமான ஆளு, அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு சார். இனிமே நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்?'னாரு. நிஜமாவே எனக்கு நல்லது பண்ணதா நினைச்சுக்கிட்டு சொன்னாரு."

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"யாராலயும் திருட முடியாத வாத்தியம்னு சொன்னாங்க. அப்படி என்ன இருக்கு இதுல?"

தாமரைச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு ஒயர் செருகினார். தரையோடு ஒரு முனகல் கேட்டது. இரண்டாவது ஒயரில் முனகல் மூச்சு விட ஆரம்பித்தது. அரைமணி நேரத்தில் பதினேழு ஒயர்கள். விரல் நுனியால் குமிழ்களைத் தொட்டுத் தொட்டு விட்டார். அறைக்குள் யாரோ அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து பேசுவது போல் ஒரு குரல் வந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒன்று எபனேசர் கையிலிருந்து வந்ததில்லை. அது அவருக்கே தெரியும்.

தாமரைச்செல்வி எழுந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார்.

"ஐயோ!" என்று கத்திவிட்டார் எபனேசர். "என்ன டீச்சர் பண்றீங்க? மறுபடி அதே மாதிரி வைங்க."

"வராது."

"எங்கயாவது சேவ் பண்ணியிருப்பீங்க இல்ல?"

"இதுல அதுக்கு இடமே கிடையாது."

"பின்ன எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"அதுக்குத்தான்" என்றார் குரு. முதல் வகுப்பு அதோடு முடிந்தது.

எபனேசர் ஊரிலிருந்த நிலத்தை விற்றுச் சின்னதாக ஒரு பெட்டி வாங்கினார். சனிக்கிழமைதோறும் அம்பத்தூர் போனார். குருவின் அறையில் ஒரே ஒரு சட்டம்தான். வாசித்து முடித்ததும் ஒயர்களைப் பிடுங்கிவிட வேண்டும். நன்றாக வந்தாலும் பிடுங்க வேண்டும். நன்றாக வந்தால் கட்டாயம் பிடுங்க வேண்டும்.

எபனேசருக்கு அது மட்டும் வரவில்லை. வீட்டில் பிடுங்குவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஒவ்வொரு குமிழின் பக்கத்திலும் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது.

"இது என்ன சார்?"

"பொண்ணோட நகப்பாலிஷ். போன வாரம் குமிழ் எங்க நின்னுச்சுன்னு ஒரு அடையாளம்."

"சரி. அந்தப் புள்ளியிலயே வச்சு வாசிங்க."

வைத்தார். அதே ஒயர்கள், அதே புள்ளிகள். வேறு ஏதோ சத்தம் வந்தது.

"போன வாரம் ஃபேன் ஓடுச்சா?"

"கரண்ட் இல்ல."

"வெயில்?"

"கொளுத்துச்சு."

"அதுக்கெல்லாம் எங்க சார் புள்ளி வைப்பீங்க?"

எபனேசர் கைக்குட்டையால் புள்ளிகளைத் துடைத்தார். நகப்பாலிஷ் துடைத்தால் போகுமா என்ன.

மே மாதம் ஒரு புதன்கிழமை. எபனேசரின் மனைவி சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். வளசரவாக்கம் வீட்டில் அவர் மட்டும். வாசலைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தார். பிற்பகல் மூன்று மணிவாக்கில் அது வந்தது.

எப்படி வந்தது என்று அவரால் பிறகு சொல்ல முடியவில்லை. ஒரு ஒயரைத் தவறான துளையில் செருகிவிட்டார். பிடுங்கப் போன கை நின்றுவிட்டது. தூரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலவும், பக்கத்தில் வந்ததும் பெயரை மறந்துவிட்டது போலவும் ஒரு குரல். அவர் குமிழைத் தொட்டால் அது திரும்பிப் பார்த்தது. இடது கையால் செல்போனை எடுத்து, ரெக்கார்டிங்கை அழுத்தி, ஸ்பீக்கர் முன்னால் வைத்தார். வலது கை குமிழை விடவில்லை.

நடுவில் வாசல் மணி அடித்தது. கிளி கத்துகிற மாதிரியான மணி அது. இரண்டு தடவை கத்தியது. எபனேசர் எழுந்திருக்கவில்லை. கூரியர்காரனாக இருக்கும், இல்லை வாட்டர் கேன். கையை எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பயம். முடித்துவிட்டு, அழுத கண்ணோடு போய்க் கதவைத் திறந்தபோது வெளியே யாரும் இல்லை.

ஒயர்களை அவர் பிடுங்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. பெட்டி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தார். மனைவி தூசி தட்ட வந்தால் சண்டை போட்டார். ரெக்கார்டிங்கை மட்டும் தினமும் கேட்டார். கேட்டுக் கேட்டு அந்தக் கிளி கூட இசையோடு சேர்ந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு வகுப்புக்குப் போனார். தாமரைச்செல்வி வழக்கத்துக்கு மாறாக டீ போட்டுக் கொடுத்தார்.

"புதன்கிழமை வாசிச்சீங்களா சார்?"

"வாசிச்சேன் டீச்சர்."

"ஒயரைப் பிடுங்கிட்டீங்களா?"

"பிடுங்கிட்டேன்."

குரு சுவர்க் காலண்டரில் ஒரு தாளைப் புரட்டினார்.

"ஜூன் கடைசி ஞாயிறு, ஆழ்வார்பேட்டையில நிகழ்ச்சி இருக்கு. அஞ்சு பேர் வாசிக்கிறோம். கடைசி இருபது நிமிஷம் எனக்குக் குடுத்திருந்தாங்க. அதை நீங்க வாசிங்க."

எபனேசருக்கு டீ புரையேறியது. "நானா? நான் தயாரா டீச்சர்?"

"தயார்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர். எப்படித் தெரியும் என்று சீடர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எபனேசர் ஊருக்கெல்லாம் போன் போட்டார். பழைய வயலின்காரர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். சேகரனையும் கூப்பிட்டார். முக்கியமாக அவரைத்தான் கூப்பிட்டார். நீ கம்ப்யூட்டருக்குள் போட்டது என் விரலைத்தான், என்னை இல்லை என்று அவர் முன்னால் காட்ட வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஒரு ஆசையில்தான் மனுஷர் ஓடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைக் காரில் ஏற்றினார். ஒயர்கள் அப்படியே இருந்தன. முன் சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டார். அவர் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குக் கூட நீங்க இப்படிப் போட்டுவிட்டதில்ல" என்றார்.

சின்ன அரங்கம். அறுபது நாற்காலிகள். ஏ.சி. குளிரில் பல் கிட்டியது. மேடைக்குப் பின்னால் பெட்டியை ஆன் செய்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கொசு மாதிரி ஏதோ ரீங்காரம் கேட்டது. பழைய சிவப்புப் புள்ளிகளில் குமிழ்களை வைத்துப் பார்த்தார். புள்ளியைத் தாண்டி வைத்துப் பார்த்தார். கொசு பெரிதானதே தவிர, குரல் வரவில்லை.

எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு மேடையில் முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். மற்ற நால்வரும் அதைத்தான் செய்தார்கள். ஒருவருக்குப் பாதியில் சத்தமே நின்றுபோய், வியர்க்க வியர்க்க வேறொன்றைத் தேடிப் பிடித்தார். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் எபனேசர் திரைச்சீலை வழியாக முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே சேகரன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரிசை ஓரத்தில் தாமரைச்செல்வி.

மேடை ஓரத்திலிருந்த சவுண்ட் மிக்ஸரில் செல்போனைச் செருகினார். பெட்டியின் சத்தத்தை முழுதாக இறக்கிவிட்டார்.

இருபது நிமிஷம் வாசித்தார். வாசிப்பது போல் இருந்தார் என்று சொல்ல வேண்டும். குமிழ்களைத் திருகினார். முன்னால் சாய்ந்தார். இரண்டு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். விளக்குகள் மினுக்கின. முப்பத்தோரு வருஷம் சினிமாவில் இருந்தவருக்கு இது பெரிய காரியமில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சேகரன் மேடைக்கே ஏறி வந்து கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "சார், இதை எவனாலயும் காப்பி அடிக்க முடியாது சார். நடுவுல ஒரு பறவை கத்துச்சே, அதை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"அது தானா வந்துச்சு" என்றார் எபனேசர். அவர் வாய் கசந்தது.

கூட்டம் கலைந்தது. மனைவி காரில் போய் உட்கார்ந்துகொண்டார். நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. தாமரைச்செல்வி மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எபனேசர் இறங்கிப் போய் முன்னால் நின்றார்.

"எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு. முதல் தடவை கேட்டப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு."

"முதல் தடவையா? இதை நீங்க கேட்டதே இல்லையே."

"மே மாசம், ஒரு புதன்கிழமை. உங்க வீட்டு வாசப்படியில உட்கார்ந்து கேட்டேன்."

எபனேசர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பதினோராவது நிமிஷத்துல பறவை கத்துச்சு பாருங்க" என்றார் தாமரைச்செல்வி. "அதைக் கத்த வச்சது நான்தான். ரெண்டு தடவை அமுத்தினேன்."

"என்ன விஷயமா வந்தீங்க?"

"உங்களுக்கு இது வராது, விட்டுடுங்கன்னு சொல்ல வந்தேன். படம் எடுக்கிற ஆளுக்கு, புள்ளி வைக்கிற ஆளுக்கு இது வராது. போன்ல சொன்னா மனசு ஒடிஞ்சு போவீங்கன்னு நேர்ல வந்தேன்."

"சொல்லலியே."

"கதவைத் திறக்காம வாசிச்சீங்க. கடைசி வரைக்கும் கேட்டேன். நான்தான் தப்புன்னு புரிஞ்சுச்சு. மூணாவது தடவை மணி அடிக்க மனசு வரல. வீட்டுக்குப் போற வரைக்கும் பஸ்ல அழுதேன்."

எபனேசர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். ஏ.சி.யைக் குறை சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன்.

தாமரைச்செல்வி எழுந்து மேடைக்குப் போனார். எபனேசரின் பெட்டியிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றரை மாதம் செருகியே கிடந்ததில் சில ஒயர்கள் இறுகியிருந்தன. ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் கத்திய மனுஷர், இப்போது கத்தவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"டீச்சர்" என்றார் எபனேசர். "சனிக்கிழமை நான் வரட்டுமா?"

மிக்ஸரில் செல்போன் இன்னும் செருகியே இருந்தது. தாமரைச்செல்வி அதைக் கழற்றி, தன் துப்பட்டாவால் துடைத்து, அவருடைய சட்டைப் பையில் போட்டார்.

"இதை அனுப்பி வைங்க. எல்லாம் இதுக்குள்ள இருக்கு. இனிமே நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்?"