மூன்றாம் குரலை விட்டுவிடலாம்

நண்டுத்துறையில் அக்கார்டியன் பெட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். தெரியும் என்பது அவர்கள் சொன்னது. ஊர் அதை மறுத்து வம்பை விலைக்கு வாங்கவில்லை. கஸ்பார், இஞ்ஞாசி, செவுரி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததால் கஸ்பார் தலைவன்.

கஸ்பாரின் தங்கை பவுலீனுக்குக் கல்யாணம் வந்தது. தகப்பன் இல்லாத பெண். மாப்பிள்ளையின் தாயார் ரோசம்மாளோ சோற்றில் கல் பொறுக்குவதுபோல் சம்பந்தி வீட்டில் குறை பொறுக்குகிறவள். பெண் கோவிலுக்குள் நடந்து வரும்போது வாசிப்பதிலாவது குறை வரக்கூடாது என்று, கஸ்பார் டவுனுக்குப் போய் ஒரு சங்கீத வாத்தியாரிடம் இசைத்தாள் வாங்கினான். வாத்தியார் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குறிகளுக்குப் பக்கத்தில் தமிழிலேயே விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

தாளின் உச்சியில் இப்படி இருந்தது: "இருவர் முதல் எட்டுப் பேர் வரை வாசிக்கலாம். ஆள் குறைந்தால் மூன்றாம் குரலை விட்டுவிடலாம்."

எட்டுக்கு மூன்று குறைவு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாம் குரல் செவுரி. வருத்தத்தோடு அவனை விட்டார்கள். அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பிறகுதான் இஞ்ஞாசிக்குப் பொறி தட்டியது. "இப்ப ரெண்டு பேருதான இருக்கோம். ஆள் முன்னைவிடக் குறைஞ்சிட்டுல்லா?"

"ஆமா," என்றான் கஸ்பார். "அப்போ மூணாவது ஆளை விட்டாகணும்."

"விடுததுக்கு ஆளு எங்க இருக்கு?"

செவுரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வாசிக்கவா என்று அவன் ஆசையோடு கேட்டான்.

"வாசிக்க இல்லவே. நீ பக்கத்துல இருந்தாத்தான உன்னை விடமுடியும்," என்றான் கஸ்பார். செவுரிக்கு அது நியாயமாகவே பட்டது.

கல்யாணத்தன்று செவுரி மடியில் பெட்டியோடு நடுவில் உட்கார்ந்தான். மற்ற இருவரும் வாசித்தார்கள். மூன்றாம் வரியில் வாத்தியார் "இங்கே மூச்சு" என்று எழுதியிருந்தார். அதுவரை மூச்சு விடாமல் இருந்ததில் கஸ்பாரின் முகம் நாவல்பழமாகிவிட்டது. தங்கையைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துப் பெண்வீட்டார் எல்லாரும் அழுதார்கள்.

பவுலீன் பீடத்தை அடைந்தாள். மாப்பிள்ளை கையை நீட்டினான். அப்போது தாளின் அடி வந்துவிட்டது. "தொடக்கத்துக்குத் திரும்பு. முடிவு என்ற இடம் வரை வாசி."

கஸ்பார் எழுந்துபோய்த் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தான். "வாசலுக்குப் போகணும் தாயி. போட்டிருக்கு." கூடப் பிறந்தவனை அறிந்த பவுலீன் திரும்பி நடந்தாள். ரோசம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

மறுபடி வாசித்தார்கள். முதல் சுற்றில் கண்ணில் படாத "முடிவு" என்ற சொல் தாளின் நட்டநடுவில் இருந்தது. அங்கே நிறுத்தினார்கள். பவுலீன் பாதிக் கோவிலில் நின்றாள். மேலே வாசிக்கும்படி பீடத்தில் நின்ற சாமியார் கையைக் காட்ட, கஸ்பார் மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்தான். முடிவுக்கு மேல் வாசிப்பது எப்படி?

அடுத்த ஊரில் சாமியாருக்கு இன்னொரு கல்யாணம் காத்திருந்தது. அவர் மாப்பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு இறங்கி வந்து, பெஞ்சுகளுக்கு நடுவிலேயே தாலியைக் கட்டவைத்துவிட்டுப் போனார். கல்யாணம் நடந்துவிட்டது. கஸ்பாருக்குக் கண் கலங்கிற்று.

தாளை மடிக்கும்போது இஞ்ஞாசி கேட்டான். "முடிவுக்குக் கீழே பாதிப் பக்கம் கிடக்கே, அது எதுக்கு?"

மூவரும் யோசித்தார்கள். முடிவு என்றால் தாலி கட்டியது. அதற்குக் கீழே இருப்பது கல்யாணத்துக்கு அப்புறம் வரவேண்டியது. அதைத்தான் முதல் சுற்றிலேயே வாசித்துத் தொலைத்தார்களே! கஸ்பார் தாளைப் போட்டுவிட்டு எழுந்தான். மறைத்து வைத்தால் பின்னால் தங்கைக்குத்தான் கெட்ட பெயர் என்று நேரே ரோசம்மாளிடம் போனான். அவள் சொந்தக்காரர்கள் சூழக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மன்னிக்கணும்," என்றான். "கல்யாணத்துக்கு அப்புறம் நடக்கவேண்டியது கல்யாணத்துக்கு முன்னாலயே நடந்துபோச்சு. மாப்பிள்ளைக்கு இது ஒண்ணும் தெரியாது."

மனப்பாரம் இறங்கிப்போக, கஸ்பார் முதல் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு கேட்டான்.