மட்டையை விட்ட வாத்தியார்

"கிரிக்கெட் தெரிஞ்சவனுக்கு பேஸ்பால் எல்லாம் ஒரு விஷயமா?" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தவர் பூவலிங்கம். உடற்கல்வி ஆசிரியர். திங்கட்கிழமை முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்தான் கற்றுத்தர வேண்டும். அதனால் ஞாயிறு காலை மகள் சுடர்மதியையும் கூட்டிக்கொண்டு, பயிற்சியாளர் ஜெபராணியிடம் கற்றுக்கொள்ளப் பஸ் ஏறினார். ஜெபராணி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

மைதானத்தில் பெரிய தோல் கையுறையை எடுத்ததும் பூவலிங்கம் வலது கையில் மாட்டினார்.

"பந்தை எந்தக் கையால எறிவீங்க சார்?"

"வலது கைதான்."

"அப்ப அதை ஏன் கட்டிப் போடுறீங்க?"

கையுறை இடது கைக்கு மாறியது.

அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் வேலை சுடர்மதிக்கு. மார்புக் கவசம், கால் கவசம், முகத்துக்குக் கம்பி போட்ட முகமூடி.

"வேர்க்குதுப்பா."

"பழகுறதுக்குத்தானே மேடம். முகமூடியைக் கழட்டிடட்டுமே" என்றார் பூவலிங்கம்.

"வேண்டாம்" என்றார் ஜெபராணி.

ஜெபராணி பந்து வீசினார். பூவலிங்கம் நன்றாகவே அடித்தார். மட்டையோடு ஓடினார். ஓடிப்போய்த் தொட வேண்டிய வெள்ளைத் திண்டான முதல் பேஸ் நெருங்கியதும் குனிந்து, மட்டையை நீட்டி அதைத் தொட்டார். இருபது வருஷக் கிரிக்கெட் பழக்கம், சும்மா போகுமா?

"கால்தான் தொடணும் சார். பேட்டை அங்கேயே விட்டுட்டு ஓடணும்."

அடுத்த பந்தையும் அடித்தார். மறந்துவிடக் கூடாதே என்று மட்டையைப் பின்னால் வீசிவிட்டு ஓடினார். அது சுழன்று போய்ச் சுடர்மதியின் முகமூடியில் மோதியது.

பூவலிங்கம் விழுந்தடித்துத் திரும்பி ஓடினார். சுடர்மதி முகமூடியைக் கழற்றினாள். ஒரு கீறல்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லப்பா. சத்தம்தான் பெருசா கேட்டுச்சு."

அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கழட்டச் சொன்னது அவர்தானே.

"பிடிச்சுட்டு ஓடினாலும் தப்பு, விட்டாலும் தப்பு. அந்த பேட்டை என்னதான் செய்யச் சொல்றீங்க மேடம்? நாளைக்கு நம்ம பிள்ளைங்களும் நான் செய்றதைத்தானே செய்யும்?"

ஜெபராணி அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"வரும்போது பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா சார்?"

"எங்க! கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டேதான் வந்தோம்."

"இறங்கும்போது கம்பியை என்ன செஞ்சீங்க?"

முகமூடியை மாட்டிக்கொண்டிருந்த சுடர்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூவலிங்கம் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அவள் முகமூடியின் வாரை இழுத்து இறுக்கினார். பிறகு மட்டையை எடுத்தார்.

பந்து வந்தது. அடித்தார், ஓடினார், பேஸை மிதித்தார். திரும்பிப் பார்த்தபோது மட்டை அவர் நின்று அடித்த இடத்திலேயே கிடந்தது. சுடர்மதி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரியா மேடம்?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"ஸ்டாப்பிங்லதான் இறங்கியிருக்கீங்க சார்."