படுக்கவைத்த படிகம்

"இந்தக் கல்லு அசைஞ்சே கொடுக்கமாட்டேங்குது மேடம். ஏழு வருஷமாச்சு."

பரஞ்சோதி மின்தடை காட்டும் மீட்டரைச் சுட்டினார். நாற்பது கோடி ஓம். மின்சாரத்தை உள்ளே விடாத கறுப்புப் படிகம் அது. அரிசியளவுதான் இருக்கும், ஆனால் சரியான அழுத்தக்காரக் கல்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்கிறார். புதிதாக வந்திருக்கும் நெறியாளர் நிலோபருக்கு முப்பத்துநாலு. அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார்.

பிஎச்.டி. பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது. குளிரூட்டும் ஹீலியம் இன்று மாலைவரை தாங்கினால் பெரிது. அதற்குள் காந்தப்புலம் பட்டு மின்தடை மாறுகிறது என்று காட்டாவிட்டால் ஏழு வருஷமும் வீண்.

"காந்தத்தை எவ்வளவு ஏத்தினீங்க சார்?"

"முழுசா. உள்ள இருக்கிற காந்தத் துணுக்கெல்லாம் சொன்னபடி திரும்புது. தடை மட்டும் இறங்கலை."

"கல்லை எப்படி ஒட்டினீங்க?"

இதில் பரஞ்சோதிக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தட்டையான படிகத்தை விளிம்பில் நிறுத்தி, பசை காயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளிருக்கும் துணுக்குகள் தட்டின் போக்கிலேயே படுத்திருப்பவை. கீழிருந்து மேலே போகும் காந்தப்புலமும் அதே போக்கில் இருந்தால்தானே அவை முரண்டு பிடிக்காமல் இணங்கும்?

"எல்லாத் தடவையும் அப்படித்தானா?"

"ஒரு தடவைகூட பிசகினதில்லை மேடம்."

நிலோபர் படிகம் ஒட்டிய தண்டை வெளியே எடுத்தார். சாமணத்தால் படிகத்தைப் பெயர்த்தார். நிலோபர் அதைச் சும்மா படுக்கவைத்து ஒட்டி, மறுபடி குளிருக்குள் இறக்கினார்.

"இப்ப காந்தப்புலம் குறுக்கால போகும் மேடம். அதுக்கு ஆகவே ஆகாத திசை."

"ஏத்துங்க சார்."

வேண்டாவெறுப்பாக ஏற்றினார்.

நாற்பது கோடி. பத்துக் கோடி. மூன்று லட்சம். பரஞ்சோதி எழுந்து நின்றுவிட்டார். எண்ணூறு. அறுபது.

"ஷார்ட் ஆயிடுச்சு." அவர் மீட்டரைத் தட்டினார். "வயர் எங்கேயோ தொட்டுடுச்சு. எல்லாம் போச்சு."

கை சுவிட்சுக்குப் போனது. நிலோபர் தன் நோட்டை வைத்துச் சுவிட்சை மறைத்தார்.

"காந்தத்தை மட்டும் இறக்குங்க. ஷார்ட்னா அப்படியே நிக்கும்."

இறக்கினார். அறுபது எண்ணூறாகி, லட்சமாகி, கோடிகளில் ஏறிப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது.

யாரும் சொல்லாமலே மறுபடி ஏற்றினார். மளமளவென்று அறுபதுக்கு வந்து நின்றது. மூன்றாம் தடவையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

"எப்படி மேடம்? ஒத்துக்காத பக்கமா போய்க் கேட்டீங்களே?"

"ஒத்துக்கிற பக்கமே இவ்வளவு நாள் கேட்டீங்களே சார், அது என்ன செஞ்சுது?"

பரஞ்சோதி மீட்டரைப் பார்த்தார்.

"சரி சரின்னு தலையாட்டுச்சு மேடம், வழி மட்டும் விடலை" என்றார்.