சொன்னபடி பழியேற்ற டிரைவர்

ஜவுளிக்கடை முதலாளி திருஞானத்தின் அம்மா இறந்துவிட்டார். ராகுகாலத்துக்கு முன்பே எடுத்துவிடுவார்கள் என்று தங்கை குமுதவல்லி போனில் அழுதாள். உடனே காரில் கிளம்பினார். வழியில் பெட்ரோல் பங்கில் டீசலுக்கு நீண்ட வரிசை. பெட்ரோல் பக்கம் காலி.

"இங்கேயே போடுடா."

"ஐயா, இது டீசல் வண்டி," என்றான் டிரைவர் சகாயம்.

"எனக்கே பாடமா? சொன்னதைச் செய்!"

கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. ஆட்டோவில் ஏறியதும் அடுத்த கட்டளை: "யார் கேட்டாலும் உன் தப்புன்னு சொல்லணும். இல்லேன்னா வேலை கிடையாது." சம்பளம் வாங்குகிறவன் பழியும் வாங்க வேண்டுமாம்!

போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா முகத்தைக்கூடப் பார்க்காம எங்கேண்ணா போனே?" என்று கதறினாள் குமுதவல்லி.

சகாயம் முன்னால் வந்தான். "என் தப்புதாம்மா. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போடச் சொன்னார் ஐயா, போட்டேன். போன மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கம்மா கூப்பிட்டப்போ, ஊரில் இல்லைன்னு சொல்லச் சொன்னார், சொன்னேன். தினமும் கூப்பிட்டாங்க, தினமும் சொன்னேன். எல்லாம் என் தப்புதான்."

திருஞானம் அவசரமாக அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

குமுதவல்லி அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ உள்ளே வா சகாயம். அம்மா போனில் உன்கிட்டே என்ன பேசினாங்க, சொல்லு."

பெற்ற பிள்ளை ஈர வாசலிலேயே நின்றார்.