பெட்டி பாடிய பாட்டு

அந்தக் காலத்தில் எஞ்சின்களுக்குப் பேச்சு இருந்தது. நோவு வந்தால் சொல்லும். எண்ணெய் குறைந்தால் கேட்டு வாங்கும். பந்தயக் கார் மெக்கானிக் சவரிராயனுக்கு மீட்டர் எதுவும் தேவைப்பட்டதில்லை. காலையில் பானெட்டைத் திறந்து காதைக் கொடுப்பார். ஆறு சிலிண்டரும் ஒவ்வொன்றாகக் குறையைச் சொல்லி முடித்த பிறகுதான் கார் வெளியே போகும். அதை ஓட்டும் கதிரவேலும் காதாலேயே கியர் மாற்றுகிறவன்.

இரைச்சல் தாங்கவில்லை என்று ஊரார் கூடிப் பேசி, சத்தம் போடும் வண்டி தெருவில் வரக்கூடாதென்று கட்டுப்பாடு வைத்தார்கள். சவரிராயன் புகைக்குழாயில் மூன்று சைலன்சர் வைத்து, எஞ்சினைச் சுற்றிக் கனத்த மெத்தையும் போட்டார். கதிரவேலுவின் முகம் செத்துப்போயிற்று. இருநூறில் போனாலும் தையல் மிஷினை மிதிப்பதுபோல இருக்கிறதென்று புலம்பினான். ரவிக்கை தைக்கக் கிளம்பிவிட்டாயா என்று கூட்டாளிகள் வேறு கேட்டார்களாம்.

அவன் மேல் சவரிராயனுக்குப் பாசம். எஞ்சினுக்குப் புது எண்ணெய் ஊற்றி, மெத்தையைக் கழற்றி, பாடச் சொன்னார். அது தொண்டை திறந்து பாடியது. அந்தக் குரலைப் பிடித்து ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் அடைத்து, இருக்கைக்குப் பின்னால் வைத்தார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பெட்டி காருக்குள் மட்டும் கேட்கும்படி உறுமும்.

மெத்தையைத் திரும்பப் போடும்போது எஞ்சின் கேட்டது: “அண்ணே, அது நான் நல்லா இருந்த அன்னைக்குப் பாடினது. எனக்கு முடியாத அன்னைக்கு யாருக்குத் தெரியும்?”

“நான் எதுக்கு இருக்கேன்? தினமும் மெத்தையைத் தூக்கிக் கேக்கறேன்.”

ஒன்பது நாள் கேட்டார். பத்தாம் நாள், மெத்தையின் பன்னிரண்டு திருகாணியையும் கழற்றச் சோம்பல்பட்டு, இருக்கையில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். பெட்டி உறுமியது. “பிரமாதமா இருக்கான்” என்று கதிரவேலுவிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். தான் அடைத்த குரலுக்குத் தானே ஏமாந்தார்.

அன்று மலைப்பாதையில் பந்தயம். காலையிலேயே தளர்ந்திருந்த எண்ணெய்க் குழாய் நான்காம் வளைவில் விட்டுப்போனது. எஞ்சின் கத்தியது, கெஞ்சியது. கதிரவேலுவின் காதில் விழுந்ததெல்லாம் பாட்டு. இன்னும் மிதித்தான். ஏழாம் வளைவில் எஞ்சின் இறுகிக் கார் நின்றது. நின்ற பிறகும், பதறிய அவன் கால் பட்டதற்கெல்லாம் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

சவரிராயன் ஓடிவந்து மெத்தையைப் பிய்த்தெறிந்து காதை வைத்தார். உள்ளே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“பாட்டு நல்லா இருந்துச்சாண்ணே?” என்று மட்டும் கேட்டது.

எஞ்சின் இனம் மனிதரோடு பேசிய கடைசிப் பேச்சு அது. இன்றைய வேகக் கார்களில் எஞ்சின் வாய்மூடிக் கிடக்க, அதன் குரலில் ஸ்பீக்கர் பெட்டி உறுமுவது அந்த ஏழாம் வளைவிலிருந்துதான். நல்ல எஞ்சினுக்கும் சாகப்போகிற எஞ்சினுக்கும் அது ஒரே பாட்டைத்தான் பாடுகிறது.