சுருட்டையின் பதிவும் வீட்டு இணைப்புக்கு வந்த தடையும்

கதைக்குள் புகுமுன் கேட்பவர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் சிரிக்க வேண்டிய இடத்தில் இரக்கப்பட நேரிடும்.

ஓலையூரணி சோணைமுத்துவின் வீட்டில் எந்த நற்காரியத்தையும் ஒருவர் தனித்துச் செய்வதில்லை. அவரும், தம்பியர் ஒச்சப்பனும் வீரணனும் மூப்பு வரிசையில் கை வைத்தால்தான் அது விளங்கும். புது வண்டி வாங்கிய அன்று மூவரும் மாறி மாறித் திருகியதில் சாவி உடைந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தனர். தள்ளுவதிலும் மூவர் கையும் இருந்தது.

அடுத்து, இணையதளம் என்பது எண்ணிக்கொண்டே இருக்கும் இயல்பினது. ஒரே வீட்டு இணைப்பிலிருந்து ஒரே படிவம் ஓயாமல் வந்தால், எவனோ விஷமம் செய்கிறான் என்று முடிவுகட்டி, அவ்விணைப்புக்குக் கதவை அடைத்துவிடும்.

இனிக் காளை. பெயர் சுருட்டை. சென்ற ஆண்டு பதிவு தவறியதால் அது மஞ்சுவிரட்டுக்குப் போகவில்லை. "சோணை காளை கட்டுத்தறியிலதான்யா சூரன்" என்று தேநீர்க்கடையில் பேச்சு. இவ்வாண்டும் தவறினால் அக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. பதிவு வெள்ளி மாலை ஐந்து மணியோடு முடியும்.

புதன் காலை படிவத்தை நிரப்பி அனுப்பினார்கள். கைபேசிக்கு ஆறு இலக்க எண் வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் அதைக் கணினியில் இட வேண்டும். ஆளுக்கு இரண்டு இலக்கம் என்று நியாயமாகப் பங்கிட்டார்கள். வீரணன் வயலிலிருந்து வந்து, கால் கழுவி, தன் இரண்டை அழுத்துவதற்குள் எண் காலாவதியானது. மீண்டும் அனுப்பினார்கள். அவர் மீண்டும் கால் கழுவினார். ஒன்பதாம் முறை திரையில் வேறு எழுத்து வந்தது: 'உங்கள் இணைப்பு தடுக்கப்பட்டுள்ளது.'

சோணைமுத்து உடனே விழாக் குழுவின் உதவி எண்ணை அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"அண்ணே, பயப்படாதீங்க. இருபத்துநாலு மணி நேரம் அந்தத் தளத்துப் பக்கமே போகாதீங்க. தடை தானா விலகிரும்."

"விலகுனது எங்களுக்கு எப்படித் தாயி தெரியும்?"

"நாளைக்குத் திறந்து பாருங்கண்ணே."

தடை எந்நேரம் விலகுமோ என்று ஒச்சப்பனைக் காவல் வைத்தார்கள். அவர் கடமை தவறாதவர். அரை மணிக்கொரு முறை தளத்தைத் திறந்து, இன்னும் விலகவில்லை என்று சுவரில் கரிக்கோடு போட்டார். திறக்கும்போதெல்லாம் தளம் தன் இருபத்துநாலு மணி நேரத்தைத் தொடக்கத்திலிருந்து எண்ணியது. வியாழன் இரவுக்குள் சுவர் கறுத்ததேயன்றிக் கதவு திறக்கவில்லை.

வெள்ளி காலை மீண்டும் அழைத்தபோது அப்பெண் சற்று உரக்கவே பேசினாள். "அண்ணே, பாக்கக்கூடாதுன்னா பாக்கவே கூடாது! சரி, விடுங்க. அந்தக் கணினியைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பண்ணுங்க."

தூக்கினார்கள். கணினி பழகிய வைஃபை பெட்டியைப் பிரிந்தால் வேலை செய்யுமோ என்று சோணைமுத்துவுக்கு ஐயம். எனவே அறுபது அடிக் கம்பி வாங்கி வீட்டு இணைப்பை நீட்டி, பெட்டியையும் சுவருக்கு அப்பால் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு வாத்தியார், "எங்க வீட்டுலயே இணைப்பு இருக்கே" என்றார்.

"அடுத்தவுக பொருள்ல நாங்க கை வைக்க மாட்டோம் சார்" என்றார் வீரணன், வாத்தியாரின் நாற்காலியில் அமர்ந்தபடி.

திரையில் அதே எழுத்து. ஒச்சப்பன் பெருமூச்சு விட்டார். "அண்ணே, இது வீட்டுக்கு வந்த தடையில்ல. நம்ம மூணு பேரு சாதகத்துக்கு வந்தது."

மாலை நான்கு மணிக்கு மூவரும் வீடு திரும்பி மீண்டும் அழைத்தார்கள். "வைஃபையை அணைச்சுட்டுக் கைபேசி டேட்டாவுல போங்க" என்று கெஞ்சினாள் அப்பெண். சோணைமுத்து தம் கைபேசியில் அவ்வாறே செய்தார். தளம் திறந்தது! மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டனர். தாங்கள் எந்திரமல்லர், மனிதரே என்று காட்ட ஒரு சோதனை வந்தது. ஒன்பது படங்கள், கீழே 'மாடு உள்ள படங்களைத் தொடுக.'

சோணைமுத்து சிரித்தார். "மாட்டைப் பத்தி நம்மகிட்டயா கேக்குறான்?"

ஒரு படத்தில் பாலங்காடி விளம்பரத்தில் நிற்பது போன்ற கறுப்பு வெள்ளைச் சீமைப் பசு.

"இதுவும் மாடுதானேண்ணே?" என்றார் ஒச்சப்பன்.

"திமில் எங்கடா? திமில் இல்லாதது மாடா?"

"அப்ப என்ன அது?"

"என்னமோ ஒண்ணு. நாலு கால் இருந்தா மாடாயிருமா? கட்டிலுக்குந்தான் இருக்கு."

அதைத் தொடாமல் விட்டார்கள். 'தவறு' என்றது தளம். புதுப் படங்கள், மீண்டும் திமிலற்றது.

"ஒரு தடவை தொட்டுத் தொலைங்கண்ணே. மணி நாலே முக்கால்."

"சுருட்டை முகத்துல எப்படிடா முழிப்பேன்?"

ஏழாம் மறுப்பில் கைபேசிக்கும் தடை விழுந்தது. சோணைமுத்து தொழுவத்துக்குப் போய்ச் சுருட்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

அவர் மனைவி இருளாயி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "முடிச்சுட்டேன்" என்று தன் கைபேசியை நீட்டினாள். "என் டேட்டாவுல, நாலு நிமிசம். அந்தச் சீமைப் பசுவையும் தொட்டேன். அதொண்ணும் முட்டல."

"மதினி, மூணு பேரு கையும் படலையே!" என்று பதறினார் வீரணன்.

"அதனாலதான் முடிஞ்சுச்சு."

பின்னர் உறுதிப்பட்ட செய்திகள் இவை. பதிவு நான்கு ஐம்பத்தாறுக்கு ஏற்கப்பட்டது. உரிமையாளர் என்னும் கட்டத்தில் இருளாயியின் பெயர் உள்ளது. அதை மாற்ற அவளுக்கு விருப்பமில்லை. அவளுடைய கைபேசிக்குக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது: 'பதிவு செய்த கைபேசி போட்டி முடியும்வரை காளையுடன் இருத்தல் வேண்டும்.' சகோதரர்கள் அக்கைபேசியைச் சுருட்டையின் கழுத்தில் சலங்கைகளுக்கு நடுவே இறுகக் கட்டினார்கள். முடிச்சில் மூவர் கையும் இருந்தது. போட்டியன்று காளை வாடிவாசலைத் தாண்டிப் பாய்ந்தது. எவராலும் திமிலைப் பற்றி அணைய முடியவில்லை. இடப்புறமிருந்து ஒருவன் வருவதை எச்சரிக்க, சோணைமுத்து பார்வையாளர் மாடத்திலிருந்து ஏழு முறை அழைத்தார். சுருட்டை எடுக்கவில்லை. வென்ற காளை என்பதால் மன்னித்துவிட்டார்; ஆயினும் திருப்பி ஒரு முறையாவது அழைத்திருக்கலாம் என்னும் வருத்தம் அவருக்கு இன்றும் உண்டு.